ஜெர்மன் கேம்பர் வேனுக்கு பிரிட்டிஷ் நம்பர்: என் அனுபவம்

ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்குக் குடிமாறியபோது, கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கிய எங்கள் வேனை விற்க மனசு வரவில்லை. ஓட்டிக்கொண்டே வந்துவிட்டோம்.

முதலில் வரி. சாதாரணமாகச் சுங்கத் தீர்வையோடு 20 சதவீத வாட்டும் (மதிப்புக் கூட்டு வரி) கட்ட வேண்டும். குடிமாறி வருபவர்களுக்கு விலக்கு உண்டு. 12 மாதமாவது வெளிநாட்டில் வசித்திருக்க வேண்டும். வண்டி குறைந்தது 6 மாதம் நம் கையில் ஓடியிருக்க வேண்டும். புறப்படும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வந்து 14 நாளுக்குள், வண்டி வந்த விவரத்தை வரித்துறைக்குத் தெரிவிக்கும் ‘நோவா’ அறிவிப்பு. அது ஆன்லைனிலேயே முடிந்துவிடும்.

உண்மையான வேலை வண்டியில்தான். 10 வருடத்துக்கு உட்பட்ட இடப்பக்க ஸ்டியரிங் வண்டி என்பதால், இங்கே பதிவு செய்ய ஸ்பீடோமீட்டரில் மைல் தெரிய வேண்டும், ஹெட்லைட் வெளிச்சம் இடப்பக்கம் சாய வேண்டும், பின்பக்க ஃபாக் லைட் (பனிமூட்ட விளக்கு) நடுவிலோ வலப்பக்கமோ எரிய வேண்டும். எங்கள் வேனில் அது இடப்பக்கம் மட்டும்தான். வலப்பக்க விளக்கைக் கழற்றினால், பல்பு மாட்டும் இடம் காலியாகக் கிடந்தது, ஒயர்தான் இல்லை. மெக்கானிக் கட்டிலுக்கு அடியில் ஒயரை இழுத்து இணைத்துக் கொடுத்தார். ஹெட்லைட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்பார்கள். அது சுற்றுலா வருபவர்களுக்குச் சரி, பதிவுக்கு உதவாது. புதிதாகவே வாங்கினோம். ஆதாரத்துக்காக, பில்லில் வண்டியின் சேசிஸ் எண்ணையும் எழுதி வாங்குங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

வீட்டு வசதியுள்ள வண்டியைக் குறிக்கும் ‘மோட்டார் கேரவன்’ என்ற வகையில் பதிவாக, வேனின் வெளித்தோற்றமும் அப்படி இருக்க வேண்டும். எங்களுக்கு ‘ஜன்னல் வைத்த வேன்’ என்றே வந்தது. ஓட்ட அது தடையில்லை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது உள்ளே செய்த மாற்றங்களை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.