ஷியா பட்டர் கிரீம் பிசுபிசுக்கிறதா? 5 கிராம் மாவு போதும்

வீட்டில் செய்யும் ஷியா பட்டர் கிரீம் தோலில் பிசுபிசுத்தால், 100 கிராமுக்கு 5 கிராம் அலுமினியம் ஸ்டார்ச் ஆக்டெனைல்சக்சினேட் என்ற மாற்றிய ஸ்டார்ச் மாவைச் சேருங்கள். மாவைச் சலித்து, ஒரு கரண்டி எண்ணெயில் கட்டியில்லாமல் குழைத்து, உருக்கிய கலவை 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு சேர்த்து, அப்புறம்தான் அடிக்க வேண்டும். மாவு தூளாகப் பறக்கும், முகக்கவசம் அவசியம்.

சாதாரண ஸ்டார்ச் தண்ணீரை இழுக்கும். இந்த மாற்றிய ஸ்டார்ச்சில் எண்ணெயை நாடும் ஆக்டெனைல்சக்சினேட் பகுதி ஒட்டியிருப்பதால், அது ஈரத்தை விலக்கி எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி மாதக் கோடைப் புழுக்கத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்: மேசீனா (சாதாரண சோள ஸ்டார்ச்) போட்ட கிரீம் வியர்வை பட்டதும் கழுத்து மடிப்பில் திரளும், இது அப்படித் திரளாது.

தண்ணீர் மட்டுமே உள்ள ஜெல், டோனர் போன்றவற்றுக்கு இது உதவாது. கலக்காமல் மேலே மிதக்கும். அளவு கூடினால் கருமையான தோலில் சாம்பல் பூத்ததுபோல் வெளுப்பு தெரியும். நம்மில் பலருக்கு இதுதான் பெரிய தொல்லை, ஆகவே முதலில் 3 கிராம் மட்டும் போட்டு முழங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள்.

தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள கிரீமை இது உருகாமல் காக்காது. அந்த எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். உருகினால் மாவு அடியில் படிந்துவிடும். கோடையில் தேங்காய் எண்ணெயைக் குறைத்து ஷியா பட்டரைக் கூட்டுங்கள்.