மாணவர்கள் குறைந்த செலவில் நன்றாக உடுத்த

புதிய சட்டை வாங்கும் முன், அலமாரியில் உள்ளவற்றை எல்லாம் வெளியே எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, தோள்பட்டைத் தையல் தோள் எலும்பின் முனையில் சரியாக அமர்கிறதா என்று கவனியுங்கள். தோள் பொருந்தினால் போதும். தொளதொளவென்ற பக்கங்களையும் நீண்டுவிட்ட கையையும் தையல்காரர் சிறு கூலிக்குப் பிடித்துக் கொடுத்துவிடுவார். தோளைத் திருத்துவதோ சட்டையையே பிரித்துத் தைக்கும் வேலை என்பதால், அப்படிப்பட்டதை வைத்துக்கொள்வதில் பயனில்லை. மாணவர்களின் உடை எடுப்பாகத் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் விலை காரணமில்லை, அளவுதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், கருநீலம், சாம்பல், வெள்ளை, ஆலிவ் பச்சை ஆகிய நிறங்களுக்குள் தேர்ந்தெடுங்கள். ஒன்றோடொன்று சேரும் 4 சட்டைகளையும் 3 பேன்ட்டுகளையும் 12 விதமாக மாற்றி அணியலாம். டி-ஷர்ட் எடுக்கும்போது துணியின் எடையைப் பாருங்கள்: 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற அளவு) பருத்தித் துணி, 140 ஜி.எஸ்.எம். துணியைவிடக் கனமாக இருப்பதால் உடலோடு ஒட்டாமல் நன்றாக விழும். பெரிய அச்சுப் படங்கள் துவைக்கத் துவைக்க வெடித்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். ஜீன்ஸை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்தினால் சாயம் வெளுப்பது குறையும்.