மாலத்தீவுக்குப் பாடம் நடத்தப் போகும் வேலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பி.எட். முடித்தவர்கள் மாலத்தீவுப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போவது புதிதல்ல. சென்னையிலிருந்து நேர் விமானத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போய்ச் சேரவே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். முதல் தவறு இந்தக் கணக்கிலிருந்துதான் முளைக்கிறது. பக்கத்து நாடு, குழம்பில் கறிவேப்பிலை வாசம்கூட உண்டு, அப்புறம் என்ன என்று எதையும் விசாரிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். துபாய்க்குப் போகிறவர் கேட்கும் கேள்விகளில் பாதிகூட இவர்கள் கேட்பதில்லை.

பெட்டி கட்டும்போதே வினை தொடங்கிவிடுகிறது. துணிகளுக்கு நடுவே வள்ளிமலை முருகன் படமும் கையகலப் பித்தளைப் பிள்ளையாரும் வைத்து அனுப்பாத அம்மாக்கள் நம் பக்கம் குறைவு. மாலத்தீவின் அரச மதம் இஸ்லாம். வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தருவதில்லை. ஸ்கேனரில் தெரிந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பிள்ளையார் சுங்க மேசையோடு நின்றுவிடுவார். மது, பன்றி இறைச்சி கதையும் அதேதான். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டு பையில் இருக்கட்டும். வீட்டாரிடம் இதையெல்லாம் பக்குவமாகச் சொல்லிப் புரியவைப்பது போகிறவர் பொறுப்பு.

உங்கள் நம்பிக்கை உங்கள் அறைக்குள் இருக்கலாம். மாணவன் ஆர்வத்தில் கேட்டால்கூட வகுப்பில் மத ஒப்பீட்டில் இறங்கக் கூடாது. மதப் பிரசாரம் அங்கே குற்றம். 1806இல் நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கொதித்தெழக் காரணமானது, தலைப்பாகையிலும் நெற்றிக் குறியிலும் தாடியிலும் கைவைத்த ஓர் உத்தரவு. அந்த ஊரிலிருந்து போகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது, எந்தத் தீவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது. இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். அந்த நாடு வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சுமார் 1,200 தீவுகள்; மக்கள் வாழ்பவை ஏறக்குறைய 200. தலைநகர் மாலே என்றால் மாடிக் கட்டடங்களும் நெரிசலுமான நகரம். வெளித் தீவு என்றால் பலவற்றில் ஆயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். தீவின் பெயர், மக்கள்தொகை, மருத்துவமனை, படகு எந்தெந்த நாள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமைகளில் பல தீவுகளுக்குப் பொதுப் படகு ஓடுவதில்லை.

சின்னத் தீவில் ஆசிரியர் எப்போதும் பார்வையில் இருப்பவர். கடையில் என்ன வாங்கினார், அறைக்கு யார் வந்தார் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அது வேவு பார்ப்பதல்ல. அத்தனை சிறிய ஊரில் வேறெப்படி இருக்கும்? கடற்கரைதானே என்று ரிசார்ட் விளம்பரத்தில் பார்த்த உடையோடு இறங்குவது வேண்டாம். மக்கள் வாழும் தீவுகளில் ஆணும் பெண்ணும் உடலை மூடிய உடையில்தான் குளிக்கிறார்கள். சக ஆசிரியரிடம் இந்தியில் பள்ளியைப் பற்றிக் குறை பேசுவதும் ஆபத்து. இந்திப் படம் பார்த்தே வளர்ந்தவர்கள் அங்கே ஏராளம்.

சாப்பாட்டில் சைவர்கள் திண்டாடுவார்கள். சூரை மீன் இல்லாத வேளை அபூர்வம். காலையில் ரொஷி என்ற ரொட்டியோடு தரும் மாஸ் ஹூனி, மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்தது. மாலைத் தேநீரோடு வரும் குல்ஹா பார்வைக்குப் போண்டா. கடித்தால் உள்ளே மீன். வரவேற்பு விருந்தில் முகம் சுளிப்பதைவிட, மீன் சாப்பிடுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. முருங்கைக் கீரை கிடைக்கும். மற்ற காய்கறிகள் பெரும்பாலும் கப்பலில் வருபவை. நம் முள்ளுக் கத்திரிக்காயை அங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பருப்புப் பொடியும் வத்தலும் பெட்டியில் இடம்பிடிக்கட்டும். ரமலான் நோன்பு நேரத்தில் பகலில் பிறர் முன் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது நல்லது. மேல்விஷாரத்திலோ வாணியம்பாடியிலோ வேலை பார்த்தவருக்கு இது பழக்கப்பட்ட விஷயம்.

சம்பளத்தை இந்திய ரூபாயாக மாற்றிப் பார்த்து மயங்குவதும் தவறு. சம்பளம் பெரும்பாலும் அந்நாட்டுப் பணமான ரூஃபியாவில். டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது அரசு விகிதத்தின் உச்சம். ஆனால் டாலர் தட்டுப்பாடு இருப்பதால் வெளியே விலை அதைவிட அதிகம். மாதம் எவ்வளவு பணத்தை வங்கி வழியாக ஊருக்கு அனுப்ப முடியும் என்பதை, அங்கே இப்போது வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்பி நகைக்கடனுக்குத் தவணை பேசாதீர்கள்.

வகுப்பறையில் பெரிய சிக்கல் இல்லை. பாடமொழி ஆங்கிலம், அந்நாட்டு மொழியான திவேஹியும் இஸ்லாமும் கற்பிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். வலமிருந்து இடமாக எழுதும் ‘தானா’ என்ற திவேஹி எழுத்தில் மாணவர் பெயர்களையாவது படிக்கப் பழகினால் பெற்றோர் மகிழ்வார்கள். மிரட்டலும் பிரம்பும் ஊரோடு இருக்கட்டும். இங்கேயே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்ததுதானே.

கடைசியாக, வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்தங்கி ஓடும். ஞாயிறு காலை முகூர்த்தத்தில் நிற்கும் சித்தப்பா, மணமக்களை வீடியோவில் காட்டுவதற்காக அழைத்துக்கொண்டே இருப்பார். நீங்கள் இரண்டாம் பாடவேளையில் இருப்பீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுமுறை கிடையாது. ஊருக்கு வருவது பள்ளி விடுமுறையில்தான் என்று கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.