ஃபுளோரோபாலிமர் குழாயைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் முறை

டெஃப்லான் டியூப் என்று பொதுவாகச் சொல்லி வாங்குவதைவிட, அந்தக் குடும்பத்தில் எந்த வகை வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. பி.டி.எஃப்.இ., எஃப்.இ.பி., பி.எஃப்.ஏ., பி.வி.டி.எஃப். ஆகிய நான்குமே ஃபுளோரின் அணுக்களைக் கொண்ட பிளாஸ்டிக்குகள்தாம் என்றாலும், அவற்றின் தாங்குதிறன் ஒன்றல்ல.

முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். பி.டி.எஃப்.இ., பி.எஃப்.ஏ. இரண்டும் தொடர்ந்து 260 டிகிரி செல்சியஸ் வரையிலும், எஃப்.இ.பி. சுமார் 200 டிகிரி வரையிலும், பி.வி.டி.எஃப். சுமார் 150 டிகிரி வரையிலும் தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏறக் குழாய் தாங்கும் அழுத்தம் குறைந்துகொண்டே போகும் என்பதால், தயாரிப்பாளரின் அட்டவணையில் அறை வெப்பநிலைக்குத் தரப்பட்ட அழுத்தத்தை நம்பாமல், உங்கள் திரவத்தின் வெப்பநிலைக்கு உரிய அழுத்தத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அடர் அமிலமோ காரமோ கரைப்பானோ எதுவானாலும் முதல் மூன்று வகைகளை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை; உருகிய சோடியம் போன்ற கார உலோகங்களும் அதிக வெப்பத்தில் ஃபுளோரின் வாயுவுமே முக்கியமான விதிவிலக்குகள். பி.வி.டி.எஃப். விறைப்பும் வலிமையும் மிக்கது என்றாலும், அசிட்டோனில் உப்பிவிடும், அடர் காரத்தில் சிதையும். உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் எஃப்.இ.பி. அல்லது பி.எஃப்.ஏ. பொருத்தமானது, பி.டி.எஃப்.இ. பால் வெள்ளையாகவே இருக்கும். வேதிப்பொருள் அரிக்காது என்பதால் வாயுவும் ஊடுருவாது என்று எண்ணிவிடக் கூடாது: ஆக்சிஜன் இந்தச் சுவர்களின் வழியே மெல்லக் கசியும். காமா கதிரால் கிருமிநீக்கம் செய்யும் கருவிகளில் பி.டி.எஃப்.இ. நொறுங்கும் தன்மை பெற்றுவிடுவதால், அங்கே அதைத் தவிர்ப்பதே சரி.

என் கணிப்பில், அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இணைப்புதான். பசை இந்தக் குழாய்களில் எளிதில் ஒட்டாது. ஒட்ட வேண்டுமானால் மேற்பரப்பைச் சோடியம் கலவையால் முன்கூட்டியே பதப்படுத்த வேண்டும். ஆகவே ஃபெரூல் (நட்டை இறுக்கும்போது குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) வைத்த ஃபிட்டிங்குகளையே நாட வேண்டியிருக்கிறது. கத்தரிக்கோல் குழாயை நசுக்கிவிடும் என்பதால், கூரான பிளேடு கொண்ட டியூப் கட்டரால் முனையைச் சரியாக 90 டிகிரியில் வெட்டுங்கள். ஓரத்தில் பிசிறு இருந்தால் நீக்கிவிட்டு, குழாய் ஃபிட்டிங்கின் அடிவரை சென்று முட்டுகிறதா என்று பார்த்த பிறகே நட்டை இறுக்குங்கள். மெல்லிய சுவராக இருந்தால் அது நசுங்காதபடி உள்ளே ஒரு சிறு தாங்கு குழல் செருக வேண்டும். இறுக்கத்தின் கீழ் இந்தப் பொருள் நாளடைவில் மெல்ல நகர்ந்து ஒதுங்கும். அதனால் முதல் முறை சூடாகிக் குளிர்ந்த பின் இணைப்பைச் சோதித்து, உற்பத்தியாளர் சொல்லும் அளவுக்கு மட்டும் மீண்டும் இறுக்க வேண்டும். அளவு மீறினால் ஃபெரூல் குழாயைக் கிள்ளி, கசிவு அங்கேயே தொடங்கும்.

வளைக்கும்போது குறைந்தபட்ச வளைவு ஆரத்தைவிடச் சிறிய ஆரத்தில் வளைக்காதீர்கள். ஒருமுறை மடிந்த இடம் பழைய பலத்துக்குத் திரும்பாது, அந்தத் துண்டை வெட்டி நீக்குவதே ஒரே வழி.

எரியக்கூடிய கரைப்பான் வேகமாக ஓடும் குழாய்களில் நிலைமின்னூட்டம் சேர்ந்து சுவரில் நுண்துளை விழவோ தீப்பற்றவோ கூடும் என்பதால், கார்பன் கலந்த, மின்னைக் கடத்தும் வகையை வாங்கி அதைப் புவித்தொடர்புடன் இணையுங்கள். மீந்த துண்டுகளை ஒருபோதும் எரிக்க வேண்டாம்: அளவுக்கு மீறிச் சூடாகும்போது வெளிவரும் புகை, குளிர்காய்ச்சல் போன்ற உபாதையைத் தரும்.