விருப்பத்தையும் செய்கையையும் சேர்த்துக் கீழ்ப்படியப் பழகுவது எப்படி

ஞாயிறு ஆராதனையில் வசனம் நெஞ்சைத் தொட, ஒரு காரியத்தைச் செய்தே தீருவது என்று தீர்மானித்து எழுந்து, புதன்கிழமைக்குள் அந்தத் தீர்மானமே நினைவில் இல்லாமல் போகிறவர்கள் நம்மில் பலர். செய்ய வேண்டியதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் தவறாமல் செய்தும், உள்ளத்தில் ஈரமில்லாமல் கடமையாகவே செய்துவருகிறவர்களும் உண்டு. இவ்விருவருக்கும் உதவக்கூடிய ஒரு வழியை அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய நிருபங்களில், அதாவது கடிதங்களில், காணலாம். எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்ப்பதைப் பற்றி, கி.பி. 50-களின் நடுப்பகுதியில் அவர் எழுதிய பகுதிகளில் அது இருக்கிறது.

கொரிந்தியர் அந்த உதவியை ஓர் ஆண்டுக்கு முன்பே தொடங்கியிருந்தார்கள், ஆனால் முடிக்கவில்லை. இரண்டாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுடைய மனவிருப்பத்தை மெச்சி, அந்த விருப்பத்திற்கு ஏற்றபடி செய்து முடிக்குமாறு கேட்கிறார். விருப்பத்தை அவர் அற்பமாக எண்ணவுமில்லை. விருப்பம் இருந்தால் போதும் என்று விட்டுவிடவுமில்லை.

ஆகவே உங்கள் தீர்மானத்தை முதலில் நாளும் அளவும் உள்ள ஒரு செயலாக எழுதிக்கொள்ளுங்கள். வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம் வரவுக்குத் தக்கதை எடுத்துத் தம்மிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்றும், தாம் வந்த பிறகு பணம் சேர்க்கும் வேலை இருக்கக் கூடாது என்றும் பவுல் முதலாம் நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அவர் நேரில் வந்து பேசும்போது எழும் உணர்ச்சியை நம்பி அந்தக் காணிக்கை நிற்கக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் பயன். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையும் இப்படித்தான் நடக்கிறது: அன்றைய மனநிலை எப்படி இருந்தாலும் கை அரிசிப் பானைக்குப் போகிறது. “அம்மாவை இனி நன்றாகக் கவனித்துக்கொள்வேன்” என்று எழுதுவதைவிட, “சனிக்கிழமை மாலை அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்” என்று எழுதுங்கள். அளவு சிறியதாக இருக்கட்டும். ஒருவனிடம் உள்ளதன்படியே அவனுடைய மனவிருப்பம் அங்கீகரிக்கப்படும், இல்லாததன்படி அல்ல என்று அதே 8-ஆம் அதிகாரம் சொல்கிறது.

அடுத்தது நோக்கத்தைச் சோதிப்பது. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். என் நோக்கம் சுத்தமாக இல்லையே என்று தெரிந்தவுடன், அந்தச் செயலையே நிறுத்திவிடுவது நேர்மை என்று நினைக்கிறார்கள். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றிலும் மனிதர் காணவேண்டும் என்ற ஆசை கலப்பதைச் சுட்டிக்காட்டுகிறார். ஆனால் எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே, ஜெபிக்கும்போது கதவைப் பூட்டிக்கொள், உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்கிறார். நோக்கத்தில் கலப்படம் இருந்தால் செய்யும் விதத்தை மாற்ற வேண்டும் என்பதே அவர் தரும் மருந்து. ஒரு பிள்ளையின் படிப்புக்கு நான் சிறிது காலம் பணம் கொடுத்துவந்தேன். அந்தக் குடும்பத்தார் ஆலயத்தில் என்னைப் பார்த்து வணங்காத ஒரு நாளில் எனக்குள் எழுந்த வருத்தம், நான் எதற்காகக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை எனக்குக் காட்டிவிட்டது. கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. என் பெயரைச் சொல்லாமல் வேறொருவர் கையால் கொடுக்கத் தொடங்கினேன். வருத்தம் உடனே போய்விடவில்லை. ஆனால் அதற்குத் தீனி கிடைக்காமல் போயிற்று.

கொடுப்பவர் மறைந்திருக்கலாம், பிறருடைய பணத்தைக் கையாளுகிறவர் அப்படி மறைந்திருக்கக் கூடாது. பவுல் காணிக்கையைப் பெற்றுவரத் தம் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். சபைக் கணக்கைப் பார்க்கிறவர், “என் நோக்கம் ஆண்டவருக்குத் தெரியும்” என்று சொல்லி ரசீதைத் தவிர்க்க முடியாது.

நல்ல நோக்கம் கட்டளையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரின் ஆடுமாடுகளையும் விட்டுவைக்காமல் அழிக்கும்படி கட்டளை பெற்ற சவுல் ராஜா, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று சொல்லும்போதே, தீர்க்கதரிசி சாமுவேலின் காதில் ஆடுகளின் சத்தம் விழுகிறது. கேட்டால், பலியிடுவதற்காகத் தப்பவைத்தவை என்று பதில் வருகிறது. மாற்கு 7-ஆம் அதிகாரத்திலும், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லி விலகிக்கொள்கிறவர்களைப் பற்றி இயேசு பேசுகிறார். எனவே “ஆண்டவருக்காக” என்று சொல்லத் தோன்றும் இடத்திலெல்லாம், எனக்குச் சொல்லப்பட்டது என்ன, அதில் எதை நான் விட்டிருக்கிறேன் என்று எழுதிப் பாருங்கள். உங்கள் ஊழியத்தால் வீட்டில் சுமை கூடியவர் யாரோ அவரிடம் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மனமே வராதபோது என்ன செய்வது? இங்கே இரண்டு வகைக் காரியங்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம் என்பது என் கருத்து. மன்னிப்புக் கேட்பது, கடனைத் திருப்புவது, பெற்றோரைப் பராமரிப்பது போன்றவை தெளிவான கட்டளைகள்; அவற்றை மனம் கனியும்வரை தள்ளிப்போட வேண்டாம். மத்தேயு 21-ஆம் அதிகாரத்து உவமையில் “மாட்டேன்” என்று சொன்ன மகன் பின்பு மனம் மாறித் திராட்சத்தோட்டத்துக்குப் போனான். “போகிறேன், ஐயா” என்ற மகன் போகவில்லை. மனமுவந்து தரும் காணிக்கைகளோ வேறு. விசனமாகவும் கட்டாயமாகவும் கொடுக்க வேண்டாம் என்று இரண்டாம் நிருபத்தின் 9-ஆம் அதிகாரம் சொல்வதால், முகம் சுளித்து ஆயிரம் ரூபாய் கொடுப்பதைவிட, மகிழ்ச்சியோடு கொடுக்கக்கூடிய நூறு ரூபாயாக அதைக் குறைத்துக்கொண்டு, குறைத்ததை மறைக்காமல் இருங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 5-ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன் வீழ்ந்தது குறைவாகக் கொடுத்ததால் அல்ல. நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டியதால்.

கடமையாகவே செய்து களைத்தவர்கள் இந்த ஒழுங்கைக் கைவிடாமல், செயலுக்கு முன் ஒரு சிறு ஜெபத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்று பிலிப்பியர் 2:13 சொல்வதால், விருப்பத்தையும் அவரிடமே கேட்கலாம். அந்த ஜெபம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. அம்மாவின் வீட்டுக்குப் போகும் வழியில், பேருந்தில் உட்கார்ந்தபடியே, “எனக்கு மனமில்லை, மனதைத் தாரும்” என்று சொல்லலாம்.

கொரிந்தியரின் காணிக்கை என்னவாயிற்று என்பது ரோமருக்கு எழுதின நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமுக்குப் புறப்படும் வேளையில், மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் உள்ளவர்கள் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பொருள் கொடுக்க மனமுவந்தார்கள் என்று பவுல் எழுதுகிறார். அன்று ரோம மாகாணமாக இருந்த அகாயாவின் தலைநகரம் கொரிந்து.