இரட்டை அடுக்கு மின்தேக்கி: தவறு எங்கே நடக்கிறது?

மின்னூட்டத்தைச் சேமித்து வைக்க, கடையில் சூப்பர் கெப்பாசிட்டர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் இரட்டை அடுக்கு மின்தேக்கி. இந்தப் பெயரிலேயே முதல் குழப்பம் தொடங்குகிறது. இரண்டு மின்முனைகள் இருப்பதால் 'இரட்டை' என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கார்பனால் ஆன ஒரே மின்முனையின் பரப்பில், கார்பன் பக்கம் ஒரு மின்னூட்டம், அதை ஒட்டி மின்பகுளியில் (அயனிகள், அதாவது மின்னூட்டமுள்ள துகள்கள், கொண்ட திரவம்) எதிர் அயனிகளின் வரிசை. இந்த இரண்டும்தான் இரட்டை அடுக்கு. 1853-லேயே ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை விளக்கிவிட்டார். ஒரு செல்லுக்குள், மின்முனைக்கு ஒன்றாக, இப்படி இரண்டு இரட்டை அடுக்குகள் தொடரிணைப்பில் இருக்கின்றன.

மின்னூட்டத்துக்கும் எதிர் அயனிகளுக்கும் இடைவெளி ஒரு நானோமீட்டர் அளவுதான். கார்பனோ, பெரும்பாலும் கொட்டாங்குச்சிக் கரியிலிருந்து வருவது. ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு, எல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளின் சுவர். இந்தத் துளைகளை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறு குறையும்.

உதாரணமாக, செல்லை வேகமாக 2.7 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டு இணைப்பை எடுத்தால், மீட்டரில் வோல்ட் மெல்ல இறங்கும். "லீக் ஆகுது, மட்டமான சரக்கு" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கசிவும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் தொடக்கத்தில் இறங்குவதில் பெரும்பங்கு, துளை வாயில் கூடிய அயனிகள் உள்ளே பரவுவதால் வருவது. இணைப்பை எடுக்காமல் சில மணி நேரம் அதே வோல்ட்டில் வைத்திருந்து, பிறகு எடுத்து அளந்து பாருங்கள்.

பேட்டரிக்குப் பதிலாக இதைப் போடலாம் என்பது அடுத்த தவறு. இங்கே வேதிவினை இல்லை, அயனிகள் சுவரருகே வந்து போகின்றன, அவ்வளவுதான். அதனால் லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். ஆனால் 100 ஃபாரட் (மின்தேக்குத்திறனின் அலகு), 2.7 வோல்ட் செல்லில் அடங்குவது சுமார் 365 ஜூல். 2000 மில்லியாம்பியர்-மணி ரீசார்ஜ் பென்சில் செல்லில் 8600 ஜூலுக்கு மேல் இருக்கும்.

2.7 வோல்ட் என்று போட்டிருந்தால் 3.3-க்குப் போகவே கூடாது. மின்பகுளி சிதைந்து வாயு உண்டாகும், செல் உப்பும். இரண்டு செல்களைத் தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுத்தாலும், மின்தேக்குத்திறன் குறைந்த செல் முதலில் எல்லை தாண்டிவிடலாம். இரண்டு செல்லின் வோல்ட்டையும் சமன்செய்யும் சர்க்யூட் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், காலி செய்வது. மின்தடை வைத்து இறக்கி, மீட்டர் பூஜ்ஜியம் காட்டியதும் எடுத்துவிட்டால், சற்று நேரத்தில் வோல்ட் தானாக ஏறும். ஆழத்தில் தங்கிய அயனிகள் இப்போதுதான் வெளியே வருகின்றன. பெரிய செல் என்றால், நன்றாக இறக்கிய பிறகு இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தே வையுங்கள்.