பேரிங் வாங்கக் கிளம்புமுன் பழைய பேரிங்கின் முதுகைப் பாருங்கள்

தட்டும் சத்தம் வரும் எஞ்சினைப் பிரித்ததும், கழற்றிய கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு) பேரிங்கின் பின்புறத்தை மண்ணெண்ணெயில் துடைத்து, அங்கே பொறித்திருக்கும் அளவைக் குறித்துக்கொண்ட பிறகே புதிய செட் வாங்கச் செல்லுங்கள். வள்ளியூரிலோ அம்பாசமுத்திரத்திலோ வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, உதிரிபாகத்துக்குத் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறுபவர்களுக்கு இது ஒரு நாள் அலைச்சலை மிச்சமாக்கும். பாக்கெட் பிரித்த பேரிங்கைக் கடையில் திரும்ப எடுப்பதும் அரிது.

முன்பே ஒருமுறை கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் செய்திருந்தால், அதன் கழுத்தின் (பேரிங் உட்காரும் உருளைப் பகுதியின்) விட்டம் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். அதை ஈடுகட்டும் அளவுக்குத் தடித்த பேரிங்கைப் போட்டிருப்பார்கள். பழைய வண்டிகளில் இதுவே அங்குலக் கணக்கில் 010, 020 (அதாவது 0.010, 0.020 அங்குலம்) என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டாண்டர்ட் அளவை (கிரைண்டிங் செய்யாத கிராங்குக்கானது) வாங்கி மாட்டினால் இடைவெளி கூடி, ஆயில் அழுத்தம் நிற்காமல், தட்டும் சத்தம் அப்படியே தொடரும்.

ஆனால் கிராங்க் கழுத்தில் நகத்தில் தட்டுப்படும் கீறலோ, நீலம் பாரித்த தடமோ இருந்தால், அல்லது பேரிங் தன் இருக்கையிலேயே சுழன்றிருந்தால், பழைய எண்ணை நம்ப வேண்டாம். லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, தேவையான கிரைண்டிங்கை முடித்த பின்னரே அளவைத் தீர்மானிக்க வேண்டும். வண்ணக் குறியீட்டால் பேரிங்கைத் தேர்ந்தெடுக்கும் புதிய எஞ்சின்களுக்கு அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டு அட்டவணையே தேவை.